பதினேழாம் எண் கறை

மார்ச் 4

அன்புள்ள குண்டூசிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முடிகிற வரைக்கும் அது தொண்டையிலேயே நிற்கும். நீ அனுப்பிய நட்சத்திரப் படத்தை நான் துவைத்துவிட்டேன்.

முழுசாக இல்லை. ஓர் இடத்தில்தான். படத்தின் நடுவில் அந்தப் பெரிய நட்சத்திரம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதற்கு வலது பக்கத்தில், ஒரு நகம் அளவு தள்ளி, மங்கலாக ஒரு கறை. யாரோ தேநீர் குடித்த கையால் தொட்ட மாதிரி. ஓட்டல் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகக் கறை மேசையில் நிற்கிறவள் நான். கண்ணெதிரே ஒரு கறை காலை நீட்டிப் படுத்திருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்குமா? பஞ்சில் ரெண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு, பூ மாதிரி ஒற்றினேன். நட்சத்திரத்துக்கு வால் முளைத்துவிட்டது. கறை இருந்த இடத்தில் காகிதம் ஓட்டையாகிவிட்டது. ஆக, கறை போய்விட்டது என்றும் சொல்லலாம்.

உன் அண்ணன் பார்த்தார். “ம்” என்றார். கோபம் வந்தாலும் அவருக்கு “ம்”தான், குஷி வந்தாலும் “ம்”தான் என்பது உனக்குத் தெரியாததா. எங்கள் ஓட்டலில் லிப்ட் பழுது பார்க்கிற இந்த மனுஷர் பேசுவதைவிட லிப்ட் அதிகம் பேசுகிறது.

இன்னொரு படம் அனுப்பு. கறை இல்லாததாகப் பார்த்து அனுப்பு. அந்த மலையுச்சிக் குளிரில் காலுக்குச் சாக்ஸ் போடுகிறாயா? சளி விட்டதா? உடம்பைப் பார்த்துக்கொள். அதாவது, இருக்கிற கொஞ்சத்தை.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை உணவறையில் வைத்துப் பிரித்தது தப்பு. எனக்குப் புரையேறி, பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டும்படி ஆகிவிட்டது. சளி போய்விட்டது. சாக்ஸ் ரெண்டு ஜோடி போடுகிறேன். உங்கள் கையில் அந்த வெடிப்பு ஆறியதா? அண்ணனின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அது கறை இல்லை அண்ணி. அந்த நட்சத்திரம் ரொம்பப் பிரகாசமானது. அதன் வெளிச்சம் தொலைநோக்கியின் கண்ணாடிகளுக்குள் முட்டித் திரும்பி, பக்கத்தில் ஒரு பொய்யான தடம் விழும். பேய்ப் பிம்பம் என்போம். என் வேலையே அதுதான். இங்கே எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் எது வானம், எது நம் கண்ணாடியின் கோளாறு என்று பிரித்து, கோளாறுகளைக் குறைப் பதிவேட்டில் எண் போட்டு எழுதுவேன். எழுதியபின் கணினி அந்த இடத்தை மூடிவிடும். அப்புறம் யாரும் அங்கே பார்க்க மாட்டார்கள். நீங்கள் துடைத்தது பதினேழாம் எண்.

வேறு வருஷத்தில் எடுத்த படம் ஒன்று, போனது மாதிரியே கணினி மூடுவதற்கு முந்தையது, அனுப்புகிறேன். இதில் நட்சத்திரம் ஒரு மூலையில் இருக்கும். நட்சத்திரம் இடம் மாறினால் பேயும் இடம் மாறும், அதனால் உங்கள் கறை இதில் வேறெங்காவது போயிருக்கும். தயவுசெய்து பஞ்சைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

செப்டம்பரில் என் வேலையை நிரந்தரம் செய்வதா என்று முடிவெடுப்பார்கள். ஆறு வருஷமாகத் தற்காலிகம். அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள்,
குண்டூசி


ஏப்ரல் 2

அன்புள்ள குண்டூசிக்கு,

இங்கே நாங்கள் சுகம். என் கை ஆறிவிட்டது. உன் அண்ணன் முழங்கால் மழை வருவதைச் சொல்கிறது, மற்றபடி நல்ல முழங்கால்.

படம் வந்தது. என்னடி, என்னை மடைச்சியாக்குகிறாயா? கறை அங்கேயேதான் இருக்கிறது. நட்சத்திரம் மூலைக்குப் போய்விட்டது, சரி. ஆனால் அதன் வலது பக்கத்தில், அதே ஒரு நகம் தள்ளி, இதுவும் கூடவே போயிருக்கிறது. கட்டை விரலை வைத்து ரெண்டு படத்திலும் அளந்தேன். பழைய படத்தில் ஓட்டைதான் இருக்கிறது, ஆனால் ஓட்டை நான் போட்டதுதானே, இடம் தப்பாது.

இதில் பெரிசாக, தெளிவாக விழுந்திருக்கிறது. கறை மாதிரியும் இல்லை இப்போது. கோட்டுப் பட்டனைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்கும்? நடுவில் புடைத்து, ரெண்டு பக்கமும் மெலிந்து? அப்படி.

எனக்கு ஒரு கதை ஞாபகம் வந்தது. நான் கறை மேசைக்கு வந்த புதுசில் ஒரு கறுப்புக் கோட்டு வந்தது. தோள்பட்டையில் வெள்ளையாக ஒரு திட்டு. மூன்று மருந்து போட்டேன், மணிக்கணக்காகத் தேய்த்தேன், அசையவில்லை. எங்கள் மேற்பார்வை அம்மா, சாவிக்கொத்து என்பேனே, அவள் வந்து பார்த்துவிட்டு மேலே தொங்கின விளக்கை ஒரு தட்டு தட்டினாள். திட்டு முதுகுக்கு நகர்ந்தது. நான் தேய்த்துக்கொண்டிருந்தது விளக்கு வெளிச்சத்தை. “முதல்ல சாய்ச்சுப் பாரு. ஓடினா வெளிச்சம், நின்னா கறை” என்றாள். மேசையில் என்ன விழுந்தாலும் இன்றைக்கும் முதலில் சாய்த்துத்தான் பார்க்கிறேன். மாலை ஷிப்டில் இதே மேசையில் நிற்கிறாளே, சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவாளே, அவளும் அப்படித்தான்.

உன் பேய் ஓடவில்லை. நின்றிருக்கிறது. எனக்கென்ன தெரியும், அஞ்சாங்கிளாஸ். ஆனால் கறையைப் பற்றி என்னிடம் யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

நிரந்தரமாகும் விஷயத்தைச் சொன்னேன். உன் அண்ணன் “ம்” என்றார். இது குஷி “ம்”.

அண்ணி


ஏப்ரல் 30

அன்புள்ள குண்டூசிக்கு,

சுகமா? உயிரோடுதான் இருக்கிறாயா, இல்லை காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதா? உன் எடைக்கு அது நடக்கக்கூடியதுதான்.

நான்கு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரரைப் பார்த்தால் “வரலை” என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டுகிறார். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? அந்தக் கறைப் பேச்சை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

உன் அண்ணனுக்குக் கழுத்துச் சுளுக்கு. சாயங்காலம் ஆனால் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். அந்தப் பெரிய நட்சத்திரம் எது என்று உன் பழைய கடிதம் ஒன்றில் அடையாளம் எழுதியிருந்தாயாம், கண்டுபிடித்துவிட்டார். அதன் வலது பக்கத்தில் உற்றுப் பார்க்கிறார். வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னேன். “தெரியும், தெரியாதுன்னு” என்றார். பிறகும் போகிறார்.

ஒரு வரி போடு. வயிற்றுக்கு ஒழுங்காகச் சாப்பிடு.

அண்ணி


மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். வேலை அதிகமாகிவிட்டது, மன்னியுங்கள். அண்ணன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

நீங்கள் தப்பாக எதுவும் எழுதவில்லை. பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். அந்த நட்சத்திரம் விழுந்த படங்கள் பதினொன்று. பதினொன்றிலும் அது நட்சத்திரத்துக்கு அதே பக்கத்தில், அதே தூரத்தில்தான் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அவசரத்தில் பேய் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் பழைய பதிவேட்டிலிருந்து புதியதற்கு அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

குண்டூசி


மே 20

அன்புள்ள குண்டூசிக்கு,

சுகம். ஒத்தடம் கொடுத்தேன். சுளுக்கு விட்டது, மாடிக்குப் போவது விடவில்லை.

“யாரோ” என்று எழுதியிருக்கிறாய். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஒன்பது வயசு. வந்த மூன்றாம் நாள் ரேடியோ கீழே விழுந்து குமிழ் உடைந்தது. “யாரோ தள்ளிவிட்டுட்டாங்க அண்ணி” என்றாய். வீட்டில் அப்போது இருந்தது நீயும் நானும்தான். அன்றைக்கே எனக்குத் தெரியும், இந்த வீட்டில் “யாரோ” என்றால் யார் என்று.

ஆறு வருஷத்துக்கு முன்னால்தானே நீ அங்கே சேர்ந்தாய்.

கேலி பண்ணத்தான் பேனாவை எடுத்தேன். கேலி வரவில்லை. அதனால் வேறொன்று எழுதுகிறேன், உன் அண்ணனுக்கும் தெரியாதது.

முதல் வருஷம் நான் இஸ்திரியில் இருந்தேன். ஒருநாள் பெரிய விருந்துக்கான வெள்ளை மேசைவிரிப்பைக் கருக்கிவிட்டேன். இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்துவிட்டது. கருகினது உள்ளே போகிற மாதிரி மடித்து அடுக்கில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விருந்தில் விரித்தபோது நடுவில் பல்லைக் காட்டியிருக்கிறது. மறுநாள் சாவிக்கொத்து பக்கத்து மெஷின்காரியைப் பிடித்துக்கொண்டாள். அவள் “நான் இல்லை” என்றாள், யாரும் நம்பவில்லை. இஸ்திரியிலிருந்து எடுத்து அவளைக் கறை மேசைக்குத் தள்ளினார்கள், மாலை ஷிப்டில். அவள்தான் இப்போது எனக்குச் சீட்டு எழுதி வைக்கிறவள். அடுத்த மாசமே நானும் கறை மேசை கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பத்தொன்பது வருஷமாக அந்த மேசைவிரிப்பை மனசுக்குள் மடித்துக்கொண்டே இருக்கிறேன். மடிந்து முடியமாட்டேன் என்கிறது.

அவ்வளவுதான். சாப்பிட்டாயா?

அண்ணி


ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன். தூக்கம் சரியில்லை.

கையெழுத்து என்னுடையதுதான். சேர்ந்த முதல் வாரம். பேய்ப் பிம்பம் எப்படி இருக்கும் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்று கூச்சம். பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மங்கலாக இருந்தது, எழுதிவிட்டேன். நகல் எடுத்ததும் நான்தான். ஐந்து தடவை.

அது என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன் அண்ணி. அது ஒரு கேலக்ஸி. நம் நட்சத்திரக் கூட்டத்தைப் போல இன்னொரு முழு நட்சத்திரக் கூட்டம். எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்ததால் உலகத்தில் யாரும் அங்கே உற்றுப் பார்க்கவில்லை. பார்க்கிற வேலையில் இருந்தவள் நான், நானும் அதை மூடிவைத்துவிட்டேன்.

சொன்னால் முதலில் எடுத்துப் பார்க்கப்போவது பதிவேட்டின் அந்தப் பக்கத்தை. நான் இங்கே செய்த ஒரே வேலை அந்தப் பதிவேடுதான். அதில் நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். ஒன்று இப்படி என்றால் மற்றவை எப்படி என்று கேட்பார்கள். செப்டம்பர் வருகிறது. அதுவரை பேசாமல் இருந்துவிட்டு, வேலை நிரந்தரமான பிறகு சொல்லலாமா என்றும் யோசித்தேன். இதை எழுதும்போதே கேவலமாக இருக்கிறது.

இப்போது நானே ஒவ்வொரு பதிவாகத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி சாய்த்து. ஐம்பத்தெட்டு முடிந்திருக்கிறது.

மேசைவிரிப்பை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

குண்டூசி


ஜூன் 17

அன்புள்ள குண்டூசிக்கு,

எல்லோரும் சுகம், நீ ஒருத்தி தவிர. பாலைச் சூடாக்கிக் குடித்துவிட்டுப் படு.

ஆறு வருஷம் செய்த வேலையைத் தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து பிரித்துப் பார்க்கிறாயே, யாரும் சொல்லாமல். எங்கள் சலவைக்கூடத்தில் இருபத்து மூன்று பேர் இருக்கிறோம். அப்படிச் செய்கிற ஒருத்தியைக் காட்டு, அவள் காலணிக்கு நான் பாலிஷ் போடுகிறேன். உனக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, வானத்தைப் பற்றித்தான் தெரிகிறது.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே, என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். மேசைவிரிப்பையும் சொல்ல வேண்டியதாயிற்று. ரெண்டு தடவை படித்தார். மாடிக்குப் போய்விட்டு வந்தார். பிறகு சொன்னார்:

“தப்பு பண்ணினதும் அவதான், கண்டுபிடிச்சதும் அவதான். ஒண்ணை மறைச்சா இன்னொண்ணும் சேர்ந்து மறைஞ்சிடுமே.”

அவர் ஒரு மாசத்துக்குப் பேசுகிற பேச்சு அது. எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

வேலை போனால் இங்கே வா. பின்னறையில் கட்டில் அப்படியே இருக்கிறது. உன்னைப் படுக்கவைக்கக் கட்டில்கூட வேண்டாம், அலமாரித் தட்டு போதும்.

அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணனுக்கும்,

நலம். நிஜமாகவே நலம். எட்டு வாரமாக எழுதாததற்குக் காரணம், நானூற்றுப் பன்னிரண்டையும் முடித்துவிட்டுத்தான் எழுதுவது என்று வைத்திருந்தேன்.

மற்ற நானூற்றுப் பதினொன்றும் சரி, அண்ணி. ஒவ்வொன்றும் உண்மையான கோளாறுதான். தப்பு ஒன்றே ஒன்று.

போன திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் தலைவருக்கு நீங்கள் மூக்குக்கண்ணாடி என்று பெயர் வைத்தீர்களே, அவர் பதிவேட்டை வாங்கிப் பதினேழாம் எண்ணைப் பார்த்தார்.

“இது யார் எழுதினது?”

“நான்தான் சார். சேர்ந்த முதல் வாரம்.”

“கீழே இன்னொரு கையெழுத்து இருக்கே, சரிபார்த்தவர்னு. அது யாரோடது?”

எல்லோருக்கும் தெரியும் அது யாருடையது என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பார்க்காமலே போட்டிருக்கேன்” என்றார். அடுத்தடுத்த வருஷங்களைப் புரட்டினார். ஆறு பதிவேடு, ஆறிலும் அவர் கையெழுத்து. பிறகு என்னைப் பார்த்து, எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டார். வேறென்ன சொல்வது? “எங்க அண்ணி சாய்ச்சுப் பார்க்கச் சொன்னாங்க” என்றேன். அண்ணி எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒருவர் கேட்டார். ஓட்டல் சலவைக்கூடம் என்றேன்.

அந்த வாரமே தொலைநோக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழு நிலையில் படம் எடுத்தோம். நட்சத்திரத்தின் உண்மையான பேய்கள் ஏழு படத்தில் ஏழு இடத்துக்கு ஓடின. இது மட்டும் நின்றது. ஏழாவது படம் திரையில் வந்ததும் மூக்குக்கண்ணாடி எழுந்து நின்றுவிட்டார்.

வெளிச்சத்தைப் பிரித்துத் தூரத்தைக் கணக்கிட்டோம். நாங்கள் பார்த்த அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி முப்பது கோடி வருஷம் ஆகிறது. அதன் வடிவம் நீங்கள் சொன்னதுதான். நடுவில் புடைத்த ஒரு தட்டு, லென்ஸ் வடிவக் கேலக்ஸி என்பது அதன் வகை. நம் கேலக்ஸிக்குச் சுருள் சுருளாகக் கைகள் உண்டு, அங்கே புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருக்கும். இதற்குக் கைகள் இல்லை. நட்சத்திரம் செய்கிற வாயு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. இருக்கிற பழைய நட்சத்திரங்களே பல ஆயிரம் கோடி, மஞ்சளாக, நிதானமாக எரிந்துகொண்டிருக்கின்றன. எங்கள் நடைவழியில் இப்போது எல்லோரும் அதைப் பட்டன் என்றுதான் சொல்கிறார்கள். ஆரம்பித்துவைத்தது நான்.

செப்டம்பர் என்ன ஆகும் என்று தெரியாது. அண்ணனிடம் சொல்லுங்கள், எதுவும் மறையவில்லை என்று.

உங்கள் குண்டூசி


ஆகஸ்ட் 15

அன்புள்ள குண்டூசிக்கு,

சுகம், சுகம், சுகம். இதற்கு மேல் சுகமாக இருந்தால் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் இடைவேளையில் சத்தமாகப் படித்தேன். கஞ்சித் தொட்டிக்காரி முப்பது கோடி வருஷம் எவ்வளவு என்று கணக்கு வராமல் சோப்பு டப்பாவை அடுக்கிப் பார்த்தாள். டப்பா தீர்ந்துவிட்டது. சாவிக்கொத்து, “சாய்ச்சுப் பாருன்னு சொன்னது நான்தானே, அதையும் எழுதினியா?” என்றாள். எழுதினேன் என்றேன். அன்றைக்கு முழுக்க சாவியைக் குலுக்கிக்கொண்டே நடந்தாள்.

எனக்கு அந்தப் பட்டனை ரொம்பப் பிடித்துவிட்டது. இளவட்டம் மாதிரிக் கையை வீசிக்கொண்டு ஆட்டம் இல்லை, புதுசாகப் பெத்துக்கொள்ளவும் இல்லை, பக்கத்தில் ஒரு மினுக்குக்காரி உட்கார்ந்துகொண்டு பார்க்கிறவர்கள் கண்ணையெல்லாம் இழுத்துக்கொள்கிறாள், அதற்காக ஒரு சிணுங்கலும் இல்லை. இருப்பதை வைத்துக்கொண்டு பளிச்சென்று இருக்கிறது. நடுவயசுக்காரி என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆனால் உன்னைத்தான் இன்னும் அதிகம் பிடித்திருக்கிறது. முப்பது கோடி வருஷம் நடந்து வந்த வெளிச்சத்துக்கு, “மன்னித்துக்கொள், உன்னைத் தப்பாக எழுதிவிட்டேன்” என்று எழுந்து நின்று சொன்னாயே. இதை எழுதும்போது மூக்கு ஒழுகுகிறது. உன் சளி தபாலில் வந்துவிட்டது போல.

நீ மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைப் படித்த மறுநாள் நானும் ஒரு சீட்டு எழுதி மேசையில் வைத்தேன், மாலை ஷிப்டுக்காரிக்கு. “பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் விருந்து விரிப்பைக் கருக்கினது நான். நீ இல்லை.” அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் போனால் சீட்டின் பின்பக்கம் பதில்: “தெரியும். வினிகர் தீர்ந்துவிட்டது, வாங்கச் சொல்.”

சாவிக்கொத்திடமும் சொல்லிவிட்டேன். அவள் எந்த விரிப்பு என்று கேட்டாள்.

அண்ணி


செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

நிரந்தரமாகிவிட்டது. உத்தரவு கையில் இருக்கிறது, ரெண்டு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டேன்.

தேர்வுக் குழுவில் ஒருவர் பதினேழாம் எண்ணை எடுத்தாராம். மூக்குக்கண்ணாடி நான் சரிபார்த்த நானூற்றுப் பன்னிரண்டின் பட்டியலை முன்னால் வைத்து, “நானூத்திப் பதினொண்ணு சரி. ஒண்ணு தப்பு, அதையும் அவங்களே பிடிச்சிருக்காங்க. என்னோட கையெழுத்து ஆறும் தப்பு. யாரை அனுப்பணும்னு சொல்லுங்க” என்றாராம். இனிமேல் பதிவேட்டை நகல் எடுக்கக் கூடாது என்றும், ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு பதிவையும் சாய்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. கேலக்ஸிக்கு ஒரு நீளமான எண் கொடுத்திருக்கிறார்கள். கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. நன்றி என்ற இடத்தில் ஓர் ஓட்டல் சலவைக்கூடமும் இருக்கிறது.

ஏழாவது படத்தைப் பெரிதாக்கி அனுப்புகிறேன். காகிதத்துக்கும் உங்களுக்கும் ஆகாது என்பதால் துணியில் அச்சடிக்கச் சொன்னேன். கறுப்புத் துணி, ஒரு மேசைவிரிப்பு அளவு. அண்ணனுக்கு: மாடியிலிருந்து பார்க்க வேண்டாம், சுவரில் பாருங்கள், கழுத்துக்கு நல்லது.

உங்கள் குண்டூசி


அக்டோபர் 3

அன்புள்ள குண்டூசிக்கு,

நாங்கள் நலம். உன் உத்தரவைப் பற்றிப் படித்ததும் உன் அண்ணன் “ம்ம்” என்றார். ரெண்டு “ம்” நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

துணி வந்தது. பிரித்துத் தரையில் விரித்தோம். அவ்வளவு கறுப்பில் அவ்வளவு வெளிச்சம். மூலையில் மினுக்குக்காரி, அவளுக்குப் பக்கத்தில் நம் பட்டன், நடுவில் புடைத்து, ஓரம் மெலிந்து, யாரோ பார்த்துப் பார்த்துத் தைத்த மாதிரி. கண்டுபிடித்தவளை ஒன்பது வயசிலிருந்து தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் ஒருநாள் சலவைக்கூடத்தில் எல்லோரும் பார்க்கட்டும் என்று எடுத்துப்போனேன். பார்த்தார்கள். சாவிக்கொத்து கையைக் கழுவிவிட்டு வந்து தொட்டாள். மறுநாள் உன் அண்ணன் கொக்கி அடித்து அங்கேயே ரெண்டு நாள் தொங்கவிடுவதாக ஏற்பாடு. அதனால் துணியை நான்காக மடித்துக் கறை மேசையில் வைத்துவிட்டு, ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்தேன்.

காலையில் வந்தபோது துணி மேசையில் இல்லை. மாலை ஷிப்டுக்காரியின் சீட்டு இருந்தது. அதில் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

“கறுப்பு விரிப்பு ஒன்று. அறை எண் இல்லை. வெள்ளைக் கறை, பெரியது ஒன்று, அதன் பக்கத்தில் சிறியது ஒன்று. முதலில் சாய்த்துப் பார்த்தேன், ரெண்டும் நகரவில்லை. மூன்று மருந்து போட்டேன். பெரியது பாதி போய்விட்டது. சிறியது போகவே இல்லை. மிச்சத்தை நீ பார்.”

துணி பின்கட்டுக் கொடியில் காய்கிறது.

அன்புடன்,
அண்ணி